மெய்யெழுத்து கேட்காத கூடம்

"என்னம்மா சொன்னான் அவன்?"

மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எந்தப் படம் ஓடினாலும் அதில் யாரும் எழுதாத வசனம் இது. திரையில் ஒருவன் ஏதோ சொல்வான். அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்பார். நான் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவன் பதில் சொல்லியிருப்பான். அதை நாங்கள் இருவருமே தவறவிட்டிருப்போம். சரி என்று ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடியே சண்டைக் காட்சி வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும். அடுக்களையிலிருந்து அம்மா, "தெருவுக்கே படம் காட்டுகிறீர்களா?" என்பாள். குறைப்பேன். சண்டை ஓய்ந்து யாராவது யாருடைய காதிலாவது ரகசியம் சொல்வார்கள். "என்னம்மா சொன்னான்?"

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 74. காதைப் பரிசோதித்துப் பார்த்தாயிற்று. ஆடியோகிராம் என்னும் கேட்புத்திறன் வரைபடக் காகிதத்தில் கோடு இடது பக்கம் சமர்த்தாகக் கிடந்து, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயதானால் பெரும்பாலோருக்கு முதலில் கைவிட்டுப் போவது மேல் அதிர்வெண்கள்தான் என்றார்கள். காதுக்கருவி வாங்கினோம். அது பீரோவில், கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில், கல்யாண முகூர்த்தங்களுக்காகக் காத்திருக்கிறது. பரிசோதனை முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது அப்பா அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உயிர் கேட்கிறதம்மா. மெய்தான் கேட்கவில்லை."

வேதாந்தம் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பேசியது இலக்கணம். பேச்சில் சத்தத்தின் கனம் முழுக்க உயிரெழுத்துகளில் இருக்கிறது. ஆ, ஓ, ஊ எல்லாம் கீழ் அதிர்வெண்ணில் தாராளமாக ஒலிப்பவை. எந்தச் சொல் என்று காட்டிக்கொடுப்பதோ மெய். கட்டு, தட்டு, பட்டு, மூன்றிலும் உயிர் ஒன்றுதான். முதலில் வரும் க், த், ப் ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவே. அந்த வெடிப்புகளைப் பிரித்தறிய உதவும் ஒலியில் பெரும்பங்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில் கிடக்கிறது. அப்பாவின் கோடு சரிகிற அதே இடம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அவர் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். அந்த அரை மாத்திரைதான் இப்போது அவருக்குக் கைநழுவிப் போகிறது.

ஆகவே வீட்டுக்கு ஒரு நல்ல ஒலிக்கருவி வாங்குவது என்று நான் இறங்கியபோது நோக்கம் தெளிவாக இருந்தது. எனக்குப் பாட்டு, அப்பாவுக்கு வசனம், கையில் 20,000 ரூபாய். நோக்கம் மட்டும்தான் தெளிவாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

பத்தாயிரம் வாட்ஸும் ஒரு சுவர்ப் பிளக்கும்

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தது. தம்பி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த 5.1 செட். கீழொலிக்குக் கறுப்புப் பெட்டியாக ஒரு வூஃபர், உள்ளங்கை அகலத்தில் ஐந்து குட்டி ஸ்பீக்கர்கள், நீல விளக்கு, புளூடூத், எஃப்எம், பென் டிரைவ் செருக ஓர் ஓட்டை. நான்கு கரோகே குமிழ்களும் உண்டு. யாரும் இதுவரை அதைத் தொட்டதில்லை. அட்டைப்பெட்டியில் பத்தாயிரம் வாட்ஸ் பிஎம்பிஓ, அதாவது கணநேர உச்ச சக்தி, என்று அச்சடித்திருந்தது. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே நம்மைத் துரத்தி வரும் எண் இது. வீட்டில் சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் பெருக்கினால் அதிகபட்சம் 1,380 வாட்ஸ். சுவரே தராத மின்சாரத்தை அந்தப் பெட்டி எங்கிருந்து கொண்டுவருகிறது என்று கேட்பாரில்லை. பெட்டியின் முதுகில் ஒரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், மின்செலவு 60 வாட்ஸ் என்று உண்மையும் அச்சாகியிருந்தது.

அந்த 60 போதும் என்பதுதான் வேடிக்கை. ஓரளவு நல்ல ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாட் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபலுக்கு மேல் கத்தும். கூடத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட்கூட முழுதாகச் செலவாவதில்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே 50 வாட்ஸா 80 வாட்ஸா என்று கடையில் நின்று மண்டையை உடைத்துக்கொள்வது, இரண்டு தோசையா இரண்டே கால் தோசையா என்று சண்டை போடுவதைப் போன்றது.

அந்தச் செட்டின் மீது எனக்கிருந்த உண்மையான குறை வேறு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின என்பது வெட்கமான விஷயம். பின்பக்கம் ஆறு துளைகள் இருந்தன: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவுக்கு ஒன்று, வூஃபருக்கு ஒன்று. பழைய டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் ஆறு தனித்தனி வெளியீடுகள் இருந்த காலத்துக்கான ஏற்பாடு அது. எங்கள் டிவியில் அப்படி எதுவும் இல்லை. எலெக்ட்ரீஷியன் டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து சிவப்பு வெள்ளை வயர் இரண்டை இழுத்து முன்னிரண்டு துளைகளில் செருகிவிட்டுப் போயிருந்தார். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது, நாங்களும் பூரித்துப்போனோம். ஆனால் அது 5.1 அல்ல. இரண்டு தடத்தை வாங்கி ஐந்து வாய்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. படத்தில் வசனத்துக்கென்று நடுவில் தனித் தடம் உண்டே, அந்தத் தடத்தைப் பிரித்தெடுக்கும் மூளையே இந்தப் பெட்டிக்குள் கிடையாது. பத்தாயிரத்துக்குக் கீழே விற்கும் செட்களில் பலவும் இந்த ரகம்தான். டிவியின் டிஜிட்டல் ஒலியை வாங்கும் ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி துளை இல்லை, டால்பி டிகோடர் என்ற சொல் எங்கும் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

தம்பிக்கு இது தெரிந்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தீபாவளிச் சலுகையில் தடங்களைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நிஜமான ஏவி ரிசீவர், நிஜமான ஐந்து ஸ்பீக்கர், நிஜமான சப்வூஃபர், ஆக மொத்தம் 55,000. "பாதி நான் போடுகிறேன் அக்கா" என்றான். சொல்ல மனமில்லை, ஆனால் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். நடுவில் நவராத்திரி மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் தவணை கட்டிக்கொண்டிருப்பேன்.

கொலு

எங்கள் கூடம் 16 அடிக்கு 10 அடி. தரை முழுக்க வழவழ டைல்ஸ், சுவர் முழுக்க வெறும் சிமெண்டுப் பூச்சு, ஒரு காலண்டர். ஒரு கோடியில் டிவி, மறுகோடிச் சுவரோடு ஒட்டிச் சோபா. இடையில் 13 அடி. சென்னைக் குடியிருப்புகளில் முக்கால்வாசிக் கூடங்கள் இப்படித்தான். நடுவில் பந்து விளையாட இடம் விட்டு ஆளையும் டிவியையும் சுவரோடு ஒண்டவைத்திருப்போம்.

அம்மாவின் கொலு சோபா இருக்கும் சுவரில்தான் வரும். படி கிழக்குப் பார்க்க வேண்டும், அதில் பேரமே இல்லை. சோபா படுக்கையறைக்குப் போனது. அப்பாவின் சாய்வு நாற்காலி முன்னுக்கு நகர்ந்து டிவிக்கு ஏழடி தூரத்தில் வந்து நின்றது. பின்சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்களை, சீரியல் லைட்டுக்கு அந்த ஆணிகள் வேண்டும் என்று கழற்றி வயரோடு பரணில் போட்டாள். ஐந்து படி, அதன்மேல் வெள்ளை வேட்டி, அதன்மேல் நூற்றுச் சொச்சம் மண் பொம்மைகள். வருகிறவர்கள் உட்கார டைல்ஸ் மேல் இரண்டு பவானி ஜமக்காளம். முதல் நாள் மாலை செய்தித் தொடக்க இசைக்கு வூஃபர் ஒரு முறை உறுமியது. மேல்படி மரப்பாச்சிக்குப் பக்கத்தில் இருந்த செட்டியார் தலையாட்டினார். "பொம்மை உடைந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு அம்மா வூஃபர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினாள். அம்மாவுக்கு ஒலியியல் தெரியாது. அன்று மாலைக்குள் அவள் என் கூடத்தில் நான்கு திருத்தங்கள் செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் இரவு. சுண்டல் தீர்ந்து, வந்தவர்கள் போன பிறகு, அப்பா ஒரு பழைய படம் போட்டார். நீதிமன்றக் காட்சிகள் நிறைந்த படம், ஒரே பேச்சு. நான் ஜமக்காளத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் கழித்துத்தான் ஏதோ ஒன்று குறைகிறது என்று உறைத்தது. மின்விசிறி நின்றுவிட்டதா என்று மேலே பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். கன்னத்தில் கைவைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி ஏதோ முனகினான். நான் காத்திருந்தேன். அப்பா திரும்பவில்லை. வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்டார். அப்பா திரும்பவில்லை. கடைசியில் தீர்ப்பு வாசிக்கும்போது அவராகவே சிரித்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை; வெற்றிலை எண்ணும் கவனத்தில் நான் வசனத்தைத் தவறவிட்டிருந்தேன். "என்னப்பா சொன்னார்?" என்று நான் கேட்டேன்.

டிவி அதே டிவி. செட்டும் அந்தப் பழைய பத்தாயிரம் வாட்ஸ்தான். அப்பாவின் காதும் ஒரே வாரத்தில் தேறிவிடப் போவதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 55,000 ரூபாய்க்கு நான் வாங்கவிருந்த பொருளை அம்மா ஜமக்காளத்தையும் வேட்டியையும் வைத்துச் செய்துவிட்டாள் என்றால், நான் வாங்கவிருந்தது என்ன?

சொல்வதெழுதுதல்

விஜயதசமி முடிந்து பொம்மைகள் வைக்கோலும் செய்தித்தாளுமாகப் பெட்டிக்குள் போயின. எல்லாம் பழைய இடத்துக்கு வந்தது. கேள்வியும் பழையபடி வந்துவிட்டது. இந்த முறை நான் விடவில்லை. என் குரலிலேயே இருபது சொற்களைத் தொலைபேசியில் பதிவுசெய்து பென் டிரைவில் ஏற்றினேன். கட்டு, பட்டு, தட்டு, சங்கு, பங்கு, வலி, வழி, வளி. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தவருக்கு அவர் மகள் சொல்வதெழுதுதல் வைத்தாள். சிலேட்டு இல்லாத குறைக்குப் பழைய டைரி. பழைய அமைப்பில் இருபதுக்குப் பதினொன்று. அப்பா மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "பெற்றோர் கையொப்பம் வாங்கிவர வேண்டுமோ?" என்றார்.

பிறகு கொலுவை ஒவ்வொரு துண்டாகத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு நாளும் சொற்களின் வரிசையை மாற்றி ஒலிக்கவிட்டேன். இது விஞ்ஞானம் அல்ல, ஒரு காதும் ஒரு டைரியும்தான். இருந்தாலும் ஒரு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. அதிகம் கெடுத்துக்கொண்டிருந்தவை பின்சுவர் ஸ்பீக்கர்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் ஓர் அடிக்கு ஏறக்குறைய 0.9 மில்லிநொடி. சோபாவில் உட்கார்ந்தவர் காதுக்குப் பின் ஸ்பீக்கர் நான்கு அடி, முன் ஸ்பீக்கர் பதின்மூன்று அடி. ஒரே வசனம் முதுகுப் பக்கமிருந்து முதலில் வந்து, 8 மில்லிநொடி கழித்து முகத்தின் பக்கமிருந்தும் வருகிறது. அது எதிரொலியாகத் தனித்துக் கேட்காது. ஆனால் ஈரத் தரையில் இரண்டு முறை இழுத்த கோலம் மாதிரி மெய்யெழுத்தின் விளிம்பு கலங்கிவிடும். இளங்காது அதையும் தாண்டிச் சொல்லைப் பிடித்துவிடும், அப்பாவின் காதுக்கு அந்த உபரி வலு இல்லை.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் அதைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது: ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி கூடுகிறது, சுவரில் முட்டிச் சுற்றித் திரியும் ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 13 அடியில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் கேட்டது கூடத்தை. ஏழடியில்தான் படம் கேட்டது. மூன்றாவது, மூலையில் இருந்த வூஃபர். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழொலியை ஊதிப் பெருக்கும். எங்கள் பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஓர் ஒலி சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்தி முழங்கும். தடித்த கீழொலி தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும் இயல்புடையது. மேலொலி கீழொலியை அவ்வளவாக மூடாது. அம்மா குமிழைத் திருகியது செட்டியாரை மட்டும் காப்பாற்றவில்லை.

ஜமக்காளத்தின் பங்கு சின்னதுதான், ஆனால் இருந்தது. அத்தனை மெல்லிய துணி கீழொலியை எதுவும் செய்யாது. டைல்ஸில் பட்டுத் தெறிக்கும் மேலொலியைக் கொஞ்சம் உறிஞ்சும். கைதட்டிப் பார்த்தால் தெரியும்: வெறும் தரையில் 'டிங்' என்று ஒரு வால் நீளும், ஜமக்காளம் விரித்தால் வால் குட்டையாகும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக்கூடத்தில் பேராசிரியர் பேசுவது எவருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஒலித்து ஐந்து நொடிக்கு மேல் அது அறைக்குள்ளேயே அலைந்தது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவிரவாகச் சுமந்துவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு வால் குறைகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்துதான் எழுந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். "விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

பின்சுவர் ஸ்பீக்கர் இல்லை, வூஃபர் மூலையைவிட்டு வெளியே, நாற்காலி ஏழடியில், தரையில் ஜமக்காளம். அப்பாவுக்கு இருபதுக்குப் பதினேழு. வளி என்பதை மட்டும் கடைசிவரை வழி என்றே எழுதினார். அது ஸ்பீக்கரின் குற்றமா, என் உச்சரிப்பின் குற்றமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

செய்தி வாசிக்கும் ஸ்பீக்கர்

இதன்பிறகு வாங்குவது எளிதாயிற்று. ஐந்து வேண்டாம், இரண்டு போதும். அந்த இரண்டும் பேசத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, காசினோ தியேட்டர் பக்கமாக நடந்து, தம்பியோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவில் கிடைக்காத ஒலி இல்லை. ஒரு பக்கம் பெட்டி பிரிக்காத வெளிநாட்டுச் சரக்கு, மறுபக்கம் வெறும் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, 5200, 1943 டிரான்ஸிஸ்டர் ஜோடிகளை எண்ணிக் கேட்டுத் தாங்களே ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொள்ளும் பையன்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பொறாமை. சாலிடரிங் தெரிந்திருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். அதே பணத்துக்கு அவர்கள் கட்டும் ஆம்ப் கடைச் சரக்கைத் தூக்கிச் சாப்பிடும்.

முதல் கடையில் கேள்வி கேட்டது நான், பதில் சொல்லப்பட்டது தம்பிக்கு. "சார் எவ்வளவு பட்ஜெட் பார்க்கிறீர்கள்?" தம்பி என்னைக் காட்டினான். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி தம்பியிடம் வாட்ஸ் சொன்னார். பிறகு அந்தத் தெருவின் எல்லாக் கடைகளிலும் வாடிக்கையாளரை மயக்கப் போடும் தடம் ஓடியது: பெரிய பறை, கண்ணாடி உடையும் சத்தம், ஹெலிகாப்டர். உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதாகவே மனத்துக்குத் தோன்றும். சிறு வித்தியாசம் போதும். எதை விற்க வேண்டுமோ அதன் குமிழ் ஒரு கோடு அதிகமாகத் திருகியிருக்கும். என் பென் டிரைவை நீட்டினேன். அதில் இரண்டே தடங்கள். ஒன்று மிருதங்கத் தனி. மற்றொன்று வானொலிச் செய்தி.

"செய்தி கேட்கவா ஸ்பீக்கர் வாங்குகிறீர்கள் மேடம்?"

ஆமாம் என்றேன். பாடகரின் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது; மைக், எதிரொலிக் கருவி, கலவை எல்லாம் கடந்துதான் அது நம்மிடம் வருகிறது. பக்கத்தில் ஒரு மனிதர் பேசினால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 1970களில் பிபிசி பொறியாளர்கள் ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்க எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். இன்றும் பழைய ஜோடிகளுக்குப் போட்டி நடக்கிறது. பெருங்கீழொலிக்காக அல்ல, மனிதக் குரல் மனிதக் குரலாக வந்ததற்காக. முதல் கடையின் ஸ்பீக்கரில் செய்தி வாசிப்பவர் பானைக்குள்ளிருந்து வாசித்தார். இரண்டாவது கடையில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. ச வரும் இடமெல்லாம் சீறியது. மூன்றாவது கடையில் அவர் வெறுமனே வாசித்தார். நான் ஸ்பீக்கரை மறந்து, அணையின் நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்கத் தொடங்கியிருந்தேன்.

மிருதங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வலந்தலை என்னும் வலப்பக்கம் கூர்மையாகப் பேசும், தொப்பி என்னும் இடப்பக்கம் ரவை பூசிய கனத்தோடு வழுக்கிச் செல்லும். மோசமான ஸ்பீக்கரில் தொப்பியின் அந்த வழுக்கொலி வெறும் 'தொம்' ஆகிவிடும். ஆரம்பம் இருக்கும், வழுக்கல் இருக்காது. மூன்றாவது கடையின் ஜோடியில் வழுக்கல் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஐந்தங்குல வூஃபர், ஆப்டிகல் துளை உண்டு. 16,500 சொன்னார், கேபிளோடு சேர்த்து 15,800க்கு முடிந்தது. பெயரை எழுதவில்லை, அடுத்த தீபாவளிக்கு அந்த மாடலே இருக்காது, செய்தி அறிக்கை இருக்கும். மீதிப் பணத்தில் இரண்டு மர முக்காலிகள். உயர்ந்த ஒலியை அனுப்பும் அந்தச் சின்ன ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக.

டிவி அமைப்பில் 'பிசிஎம்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் ஆறு தட ஒலியையும் டிவியே இரண்டாக மடித்துத் தரும்; நடுத் தடத்தின் வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாகப் பங்காகி, நடுவில் ஸ்பீக்கர் இல்லாமலே நடுவிலிருந்து கேட்கும். ஆனால் இது நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே. அப்பாவின் நாற்காலி ஜன்னல் காற்றுக்காக இடப்பக்கம் ஒதுங்கியே நிற்கும், அதை நகர்த்தும் அதிகாரம் எனக்கில்லை. அங்கிருந்து கேட்டால் எல்லா நடிகர்களும் இடது ஸ்பீக்கருக்குள் குடியேறிவிட்டார்கள். நடு ஸ்பீக்கர் வேண்டும் என்று தம்பி சொல்வதில் இருக்கும் நியாயம் இதுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஸ்பீக்கரையும் உள்முகமாக நன்றாகத் திருப்பி, வலதைச் சரியாக அப்பாவின் முகத்தைப் பார்க்கவைத்தேன். தூரத்து ஸ்பீக்கரின் நேர்ப்பார்வை அவர்மேல் விழ, அருகிலுள்ளதன் பார்வை அவரைத் தாண்டிப் போக, நடிகர்கள் முக்கால்வாசி நடுவுக்குத் திரும்பினார்கள். மீதிக் கால்வாசிக்கு 40,000 ரூபாய் கொடுக்க நான் தயாராக இல்லை.

இழப்பும் உண்டு. பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஐந்தங்குல வூஃபர் அங்கே குரலிறங்கி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். கட்டடம் இடிந்து விழும் காட்சியில் எங்கள் வீட்டில் எதுவும் இடிவதில்லை. தம்பி வந்தால் ஒரு சப்வூஃபர் போடலாமே என்று ஆரம்பிப்பான். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நான் சொல்வேன். எண்பதுகளின் பாடல்களில் பாஸ் கிட்டார் போகும் பாதை இப்போது தனியே தெரிகிறது. முன்பு அது ஒரு கனமாக மட்டுமே இருந்தது. எனக்கு இது போதும், அவனுக்குப் போதாது. இதில் சமரசம் எதுவும் ஏற்படவில்லை.

அப்பா இப்போது படம் முழுவதையும் கேட்கிறார். விளைவு நான் எதிர்பார்த்ததல்ல. "எல்லாம் நன்றாகக் கேட்கிறது. இவ்வளவு பிழையாகவா பேசுகிறார்கள்? ழகரமே ஒருவனுக்கும் வரவில்லையே" என்று படம் தோறும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

கொலுப் படி இருந்த பின்சுவர் காலியாகி, அதில் முட்டி வரும் ஒலி மறுபடி தலைகாட்டியதால், அப்பாவின் புத்தக அலமாரியைப் படுக்கையறையிலிருந்து இழுத்துவந்து அங்கே நிறுத்தினேன். உயரமும் குட்டையும் தடிப்பும் மெலிவுமாகக் கலந்து நிற்கும் புத்தகங்கள், பொம்மைகளைப் போலவே ஒலியைச் சிதறடித்து அனுப்பும். ஜமக்காளமும் நிரந்தரமாகத் தரையில் தங்கிவிட்டது. அழுக்காகிறது என்று அம்மா வாரம் ஒரு முறை சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அலமாரிக்கு முன்னால் நின்று சாணால் அளந்துகொண்டிருந்தாள். இந்த வருடம் படி எங்கே கட்டுவது என்பது அவள் கவலை. பிறகு தட்டுகளை எண்ணினாள். ஐந்து. ஒற்றைப்படை.

"அப்படியானால் புத்தகங்களை எங்கே வைப்பது?" என்று அப்பா நாற்காலியிலிருந்து கேட்டார். அம்மா அதற்குள் அடுக்களைக்குள் போய்விட்டிருந்தாள். அங்கிருந்து ஏதோ பதில் வந்தது. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொன்னாள் அவள்?"

எனக்கும் கேட்கவில்லை.